சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் அபுனைவு நூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அபுனைவு நூல் என்றால் பாடநூலுக்குத் துணைவாசிப்பு என்றுதானே பொருள்?

இல்லை. பாடநூல் ஒரு வகுப்பு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவது. குறித்த காலத்துக்குள் குறித்த பகுதிகளைக் கற்பித்து முடிப்பதற்கு உதவுவது அதன் வேலை. இங்கே நாம் பேசுவது, ஒரு பொருளின்மீது தீராத ஆர்வம் கொண்ட ஒருவர் அந்த ஆர்வத்தை இளம் வாசகரிடம் சேர்ப்பதற்காக எழுதும் நூல்களைப் பற்றி. எறும்புப் புற்றின் உள்ளமைப்பு, பாலங்கள் இடிந்து விழாமல் நிற்கும் விதம், ஒரு போர் மூண்டதன் காரணங்கள், ஓர் ஓவியரின் வாழ்க்கை, காகிதத்தில் பறவை மடிக்கும் முறை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றுக்குப் பொதுவானது ஒன்றுதான்: “இதில் இருப்பவை உண்மை” என்று நூல் தன் வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை வைத்தே கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன்.

என் குழந்தை கதைகளை விரும்பிப் படிக்கிறது. அது போதாதா?

கதை வாசிப்பை நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கதை மட்டுமே படிக்கும் குழந்தைக்கு ஒரு பெரிய வாசல் மூடியே இருக்கிறது. வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் எழுத்துக் கூட்டுவதில் மட்டும் இல்லை. வாசிக்கும் பொருளைப் பற்றி முன்பே என்ன தெரியும் என்பதிலும் அது இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் படிக்கச் சொல்லி, பிறகு படித்ததைச் சிறு மாதிரித் திடலில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத தேர்ந்த வாசகர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உலகத்தைப் பற்றி அறிந்துவைத்திருப்பது அடுத்த வாசிப்பை எளிதாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இருந்தும் சிறு வகுப்புகளில் இத்தகைய எழுத்துக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நெல் டியூக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 20 முதல் வகுப்பு அறைகளை உற்றுநோக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தகவல் சார்ந்த எழுத்தோடு மாணவர்கள் செலவிட்ட நேரம் நாளுக்குச் சராசரியாக 3.6 நிமிடங்களே என்று தெரியவந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதைப் புத்தகத்தில் மனம் ஒட்டாத குழந்தைகள் பலர் “வாசிக்கப் பிடிக்காதவர்கள்” என்று முத்திரை குத்தப்படுகிறார்கள். அவர்களில் பலரது கையில் ரயில் என்ஜின்களைப் பற்றியோ ஆழ்கடல் உயிர்களைப் பற்றியோ ஒரு நூலைக் கொடுத்திருந்தால் அந்த முத்திரையே தேவைப்பட்டிருக்காது.

எந்த வயதில் தொடங்கலாம்?

குழந்தை படத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கும்போதே. ஒரு பக்கத்தில் ஒரு பறவை, அதன் பெயர், அது என்ன தின்னும் என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தாலே அது முழுமையான அபுனைவு நூல்தான். சிறுவர்களுக்கான படநூல்களின் முன்னோடி என்று போற்றப்படுவதே ஓர் அபுனைவு நூல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். செக் கல்வியாளர் கொமீனியஸ் 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட அந்த நூல் உலகத்தை 150 சிறு அத்தியாயங்களாகப் பிரித்து, மரச்செதுக்குப் படங்களில் உள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அந்த எண்களை லத்தீனிலும் ஜெர்மனிலும் அமைந்த விளக்கங்களோடு இணைத்தது. இன்றைய படவிளக்க நூல்கள் பின்பற்றும் முறையும் ஏறக்குறைய அதுதான்.

நல்ல நூலை எப்படி அடையாளம் காண்பது?

நான் முதலில் பார்ப்பது, அந்த நூல் ஒரு செய்தியைச் சொல்வதோடு அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்கிறதா என்பதைத்தான். “டைனோசர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன” என்று எழுதுவது எளிது. அந்தக் காலத்துப் பாறை அடுக்கைத் தேடிச் சென்றவர்கள் யார், அதில் எதைக் கண்டார்கள், ஒரு விண்கல் மோதியிருக்கலாம் என்ற முடிவுக்கு ஏன் வந்தார்கள், அதை எதிர்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். முதல் வகை நூலைப் படித்த குழந்தை ஓர் எண்ணை மனப்பாடம் செய்கிறது, இரண்டாம் வகை நூலைப் படித்த குழந்தை, எந்தச் செய்தியைக் கேட்டாலும் “இது எப்படித் தெரியும்?” என்று கேட்கப் பழகுகிறது. அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.

அடுத்தது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை. “இதுவரை கிடைத்த சான்றுகளின்படி”, “இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு” போன்ற தொடர்கள் குழந்தையைக் குழப்பிவிடும் என்று அஞ்சும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை. இன்னும் விடை கிடைக்காத கேள்விகள் உலகில் இருக்கின்றன என்று அறியும்போது குழந்தைகளின் கண் மலர்வதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இனி, கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே பார்த்துவிடக்கூடியவை. பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டையும் திருத்திய பதிப்பின் ஆண்டையும் பாருங்கள். வெறும் மறுஅச்சு என்றால் உள்ளடக்கம் மாறியிருக்காது. நூலின் இறுதியில் பொருளடைவும் (எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்) கலைச்சொல் விளக்கமும் ஆசிரியர் எவற்றைப் படித்து எழுதினார் என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படங்களுக்குக் கீழே குறிப்பு இருக்க வேண்டும். ஒரு வண்டும் ஒரு யானையும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் அச்சாகியிருந்தால் உண்மையான அளவை உணர்த்த ஒரு மனிதக் கையோ அளவுகோலோ பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியைப் பற்றி அந்த நூல் என்ன சொல்கிறது என்று தேடிப் படியுங்கள். அங்கே பிழை இருந்தால், உங்களுக்குத் தெரியாத பக்கங்களிலும் பிழை இருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு.

உண்மை வரலாற்றைச் சுவையாகச் சொல்வதற்காக உரையாடல்களைக் கற்பனை செய்து எழுதலாமா?

இந்தக் கேள்வியில் நான் சற்றுக் கண்டிப்பானவன். ஒரு கடிதத்திலோ நாட்குறிப்பிலோ நேர்காணலிலோ பதிவான சொற்களை மட்டுமே மேற்கோள் குறிக்குள் தர வேண்டும். “அன்று இரவு அவள் நட்சத்திரங்களைப் பார்த்து, நானும் ஒருநாள் அங்கே செல்வேன் என்று முணுமுணுத்தாள்” என்று ஒரு விண்வெளி வீராங்கனையின் வாழ்க்கை வரலாற்றில் எழுதினால், அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கும் உரிமை படிக்கும் சிறுமிக்கு உண்டு. கிடைக்கவில்லை, ஆசிரியரே இட்டுக்கட்டினார் என்றால் அந்த நூல் புனைவு. புனைவாக எழுதுவதில் குற்றமே இல்லை. வரலாற்றுப் புனைகதை மதிப்புள்ள ஓர் இலக்கிய வகை. அதை அபுனைவு என்ற பெயரில் கொடுப்பதுதான் தவறு.

சுவைக்குக் கற்பனை உரையாடல்தான் வழி என்பதும் உண்மையில்லை. அன்றைய வானிலை, தெருவின் ஓசை, உடையின் துணி, கப்பலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாய்களின் எண்ணிக்கை போன்றவற்றைச் செய்தித்தாள்களிலிருந்தும் பயணப் பதிவேடுகளிலிருந்தும் திரட்டி, ஒரு புதினத்துக்கு ஈடான விறுவிறுப்போடு எழுதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கான படநூல்களில் ஒரு மழைத்துளியே தன் பயணத்தைச் சொல்வதாக எழுதுவதுண்டு. துளி பேசாது என்று குழந்தைக்கே தெரியும் என்பதால் அதில் ஏமாற்று இல்லை. ஆனாலும் எது உண்மை, எது கற்பனை என்று இறுதியில் ஒரு குறிப்பு இருந்தால் நல்லது.

வாழ்க்கை வரலாறுகளில் கவனிக்க வேண்டியது என்ன?

முதலாவதாக, இளமைப்பருவ அதிசயக் கதைகள். சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதையை உலகமே அறியும். வாஷிங்டன் 1799இல் இறந்தார். அவரது வாழ்க்கையை எழுதிய மேசன் வீம்ஸ் என்பவரின் நூலில் அந்தக் கதை 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலில் இடம்பெற்றது. அதற்கு வேறு சான்று எதுவும் இல்லை. பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்கச் சான்றில்லாத ஒரு கதையையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவதாக, குறையே இல்லாத மனிதர்கள். தோல்வி, பொறாமை, தவறான முடிவு, பிறருக்கு இழைத்த அநீதி ஆகியவற்றை நீக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு, அந்த மனிதரை வாசகரிடமிருந்து வெகுதூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. மூன்றாவதாக, தனியொருவரின் மேதைமை மட்டுமே எல்லாவற்றையும் சாதித்தது என்ற தோற்றம். மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக இருந்தபோது, ஜேன் மார்செட் என்ற பெண்மணி வேதியியலை உரையாடல் வடிவில் விளக்கி எழுதிய நூலைப் படித்து அந்தத் துறைக்கு ஈர்க்கப்பட்டார். ஃபாரடேயின் வரலாற்றில் மார்செட்டுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். அதே ஃபாரடே, பிற்காலத்தில் மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இளையோருக்காக ஆறு சொற்பொழிவுகளில் வேதியியலின் பெரும்பகுதியை விளக்கினார். 1861இல் நூலான அந்த உரைகள் இன்றும் அச்சில் இருக்கின்றன.

பழைய நூல்களை வைத்துக்கொள்ளலாமா, கழித்துவிட வேண்டுமா?

துறையைப் பொறுத்தது. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் காட்டும் நூல், பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டில் எடுத்த முடிவுக்கு முந்தையது. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று சொல்லும் நூலைக் கண்டால், அதன் செய்தி 46 என்று உறுதிசெய்யப்பட்ட 1956ஆம் ஆண்டுக்கு முந்தையது. இறகுகளின் தடம் கொண்ட டைனோசர் புதைபடிவங்கள் 1996 முதல் சீனாவில் அடுத்தடுத்து வெளிவந்தன; அதற்குப் பிறகும் எல்லா டைனோசர்களையும் செதில் போர்த்த பல்லிகளாக மட்டுமே வரையும் நூல் பின்தங்கிவிட்டது. தனிம அட்டவணையில் 118 தனிமங்கள் பெயரோடு நிறைவடைந்தது 2016இல். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படமோ ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் உணரும். அந்தப் படம் புதிய நூல்களில்கூட இன்னும் வருகிறது.

விண்வெளி, மருத்துவம், தொழில்நுட்பம், நாடுகளின் எல்லைகள் ஆகியவற்றில் பத்தாண்டுக்கு மேற்பட்ட நூலை ஐயத்தோடு அணுகுங்கள். பறவை நோக்குதல், கைவினை, கணிதப் புதிர், நன்கு எழுதப்பட்ட தன்வரலாறு போன்றவை எளிதில் பழசாவதில்லை. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகளும் 1968 முதல் 1976 வரை வெளிவந்தவை. தொகுதிகள் வந்துகொண்டிருந்தபோதே மனிதன் நிலவில் இறங்கிவிட்டான். இன்று அவற்றைத் தகவலுக்காகத் திறப்பதைவிட, சிக்கலான பொருளைக் குழந்தைக்குத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கற்பதற்காகத் திறக்கலாம்.

காலாவதியான பக்கத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. பழைய நூலையும் புதிய நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இடையில் என்ன கண்டுபிடித்தார்கள்?” என்று பத்து வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். கலை வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1935இல் இளையோருக்காக எழுதிய உலக வரலாற்றில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கடைசி அத்தியாயத்தைச் சேர்த்து, முதல் உலகப்போரின் முடிவைப் பற்றித் தாம் முன்பு எழுதியதில் இருந்த தவறைத் தாமே எடுத்துக்காட்டினார். இளம் வாசகருக்கு ஓர் ஆசிரியர் காட்டக்கூடிய மரியாதை இதுதான்.

சாதனைப் பட்டியல்கள், விந்தைத் தகவல்கள் ஆகியவற்றை மட்டுமே புரட்டும் குழந்தையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். முதலிலிருந்து முடிவு வரை படிப்பதுதான் வாசிப்பு என்ற விதி கதைக்குப் பொருந்தலாம். இத்தகைய நூல்கள் எங்கே வேண்டுமானாலும் திறந்து படிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. குழந்தை எந்தப் பக்கத்தில் அதிக நேரம் தங்குகிறது என்று கவனித்து, அந்தப் பொருளைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு நூலை அருகில் வைத்துவிடுங்கள். எடுத்துக்கொள் என்று சொல்லக்கூட வேண்டியதில்லை.

போர், இனப்படுகொலை, அடிமைமுறை போன்றவற்றைப் பற்றிய நூல்களை எந்த வயதில் கொடுக்கலாம்?

வயதுக்கு ஒரே கோடு கிழிக்க முடியாது. செய்திகளின் வழியாகவும் பெரியவர்களின் பேச்சின் வழியாகவும் இவை குழந்தைகளின் காதில் முன்பே விழுந்துவிடுகின்றன என்பதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலும் “இப்போது வேண்டாம்” என்கிறோம். அரைகுறையாகக் கேட்டதைத் தனியே சுமக்கும் குழந்தைக்கு, பொறுப்போடு எழுதப்பட்ட ஒரு நூல் துணையாக இருக்கும்.

நூல் எதை எவ்வளவு சொல்கிறது என்பதே முக்கியம். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு, வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த ஒரு குடும்பத்தின் உண்மை அனுபவம் போதும். கொலைகளின் எண்ணிக்கையோ சடலங்களின் புகைப்படமோ வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் காரணங்களைக் கேட்பார்கள். யார் முடிவெடுத்தார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யார் எதிர்த்தார்கள் என்று பெயரோடு சொல்லும் நூல் அப்போது தேவை. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கள் வயதொத்த ஒருவரின் சொந்தக் குரலே நெருக்கமானது. நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 13 முதல் 15 வயது வரை எழுதிய நாட்குறிப்பு 1947இல் முதன்முதலில் வெளியானதிலிருந்து பதின்பருவத்தினரால் இடைவிடாமல் படிக்கப்படுவதற்கு அதுவே காரணம். எந்த வயதானாலும், துன்பத்தைச் சொன்ன நூல் உடனே “எல்லாம் நன்மையாக முடிந்தது” என்று பொய் ஆறுதல் கூறக் கூடாது. நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். படித்து முடித்ததும் உங்களோடு பேசலாம் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கட்டும்.

வளர்பருவ உடல் மாற்றங்களைப் பற்றிய நூல்கள்?

மாற்றம் தொடங்கிய பிறகு கொடுப்பது தாமதம். எட்டு, ஒன்பது வயதிலேயே வீட்டில் இருக்கட்டும். உறுப்புகளுக்குச் சரியான பெயரைப் பயன்படுத்தும், ஆண், பெண் இருபாலாரின் மாற்றங்களையும் இருவருக்கும் சொல்லும், தன் உடலைப் பிறர் தொடுவதை மறுக்கும் உரிமையை விளக்கும் நூலாக இருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் கேள்விக்கு யாரும் பார்க்காத நேரத்தில் விடை தேடிக்கொள்ள முடியும் என்பதே நூலின் சிறப்பு.

பதின்பருவத்தினர் பெரியவர்களுக்கான நூல்களையே படித்துவிடலாமே?

படிக்கட்டும். ஆனால் பதினான்கு வயதில் ஒருவருக்குக் குறைவது பெரும்பாலும் அறிவாற்றல் அல்ல, பின்புலச் செய்திதான். ஒரு பொருளாதார நெருக்கடியைப் பற்றிய பெரியவர்களின் நூல், வட்டி என்றால் என்ன என்று நின்று விளக்காது. பதின்பருவத்தினருக்காக நன்றாக எழுதப்பட்ட நூல் அந்தப் பின்புலத்தைக் கொடுத்துவிட்டு, வாதத்தின் கூர்மையைக் குறைக்காமல் விடுகிறது. பெரியவர்களின் நூல்களை இளையோருக்காகச் சுருக்கி வெளியிடும் பதிப்புகளில் சில அருமையானவை. சிலவற்றிலோ சான்றுகளை வெட்டிவிட்டு முடிவுகளை மட்டும் வைத்திருப்பார்கள். பின்குறிப்புகள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

காமிக்ஸ் வடிவில் வரும் வரலாறுகளையும் தன்வரலாறுகளையும் இலேசாக எண்ண வேண்டாம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கத் தலைவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் தம் போராட்ட அனுபவங்களை அந்த வடிவில் மூன்று நூல்களாகத் தந்தார்; மூன்றாவது நூல் 2016இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதை இளையோர் இலக்கியப் பிரிவில் பெற்றது.

விருதுப் பட்டியல்களை நம்பலாமா?

தேடலைத் தொடங்குவதற்கு நம்பலாம். அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் 1922இல் முதன்முதலாக வழங்கப்பட்டது ஒரு மனித வரலாற்று நூலுக்குத்தான் என்றாலும், அதன் பிறகு அபுனைவு நூல்கள் அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெற்றன. அந்தக் குறையைப் போக்கத் தனி விருதுகள் வந்தன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு ஒன்று 2001 முதல் வழங்கும் சைபர்ட் பதக்கம் அவற்றுள் ஒன்று. உங்கள் குழந்தைக்குப் பிடித்த பொருள் பட்டியலில் இல்லை என்றால், குழந்தைகளோடு நாள்தோறும் பழகும் நூலகரைக் கேளுங்கள்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது நூல் எதற்கு?

ஒரு கேள்விக்கு ஒரு விடை வேண்டுமென்றால் இணையம் போதும். என்ன கேட்பது என்றே தெரியாத நிலையில் இருக்கும் குழந்தைக்குத்தான் நூல் தேவை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எது எதனோடு தொடர்புடையது என்று ஒருவர் நிதானமாக யோசித்து அமைத்த ஒழுங்கு அதில் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவால் ஒரே நாளில் உருவாக்கப்பட்ட சிறுவர் நூல்கள் இப்போது இணையக் கடைகளில் கலந்து கிடக்கின்றன என்பதால் ஓர் எச்சரிக்கை. ஆசிரியரைப் பற்றிய விவரம் இல்லாமை, பொருளடைவு இல்லாமை, குறுகிய காலத்தில் ஒரே பெயரில் தொடர்பே இல்லாத பல பொருள்களில் நூல்கள் வந்திருப்பது, படத்தில் பூச்சிக்கு எட்டுக் கால்கள் இருப்பது ஆகியவற்றைக் கண்டால் வாங்காதீர்கள்.

நூலில் உள்ள பிழையைக் குழந்தை கண்டுபிடித்தால்?

முதலில் பாராட்டுங்கள். பிறகு அது பிழைதானா என்று வேறு இரண்டு நூல்களிலாவது சேர்ந்து சரிபாருங்கள். உறுதியானால், நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண், அச்சில் உள்ள வாக்கியம், சரியான செய்தி, அதற்கான சான்று ஆகியவற்றைக் குறித்து, பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள முகவரிக்குக் குழந்தையையே கடிதம் எழுதச் சொல்லுங்கள். பொறுப்புள்ள பதிப்பாளர்கள் அத்தகைய கடிதங்களைச் சேர்த்துவைத்து அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், உங்கள் பிரதியில் அந்த வரியின் ஓரத்தில் சரியான செய்தியைப் பென்சிலால் தேதியோடு குறித்துவையுங்கள். நூலகப் பிரதி என்றால் எழுதாமல் நூலகரிடம் சொல்லுங்கள்.